பாயில் கிடந்தவர்

என் மாப்பிள்ளை, அதாவது என் புருஷன், அகமது கபீர் தூங்கிப் பதினோரு பேரைக் கொன்றவர் என்று ஆறு வருஷம் சர்க்கார் காகிதத்தில் எழுதியிருந்தது. எழுதியவர் டிப்டி கலெக்டர் ராமசுப்பிரமணியன். எழுத வைத்தவர் தோணி முதலாளி வாவு முகம்மது. அதிகாரி தெரியாமல் எழுதினார், அவரை விட்டுவிடலாம். தெரிந்தே எழுத வைத்தவரை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

எல்லாம் ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. பாய் என்ற சொல். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஆம்பிளைகளைப் பாய் என்று கூப்பிடுவார்கள், அது போகட்டும். உள்நாட்டுக்காரர்களுக்குப் பாய் என்றால் விரித்துப் படுப்பது. கடற்கரையில் இருப்பவர்களுக்குப் பாய் என்றால் முதலில் தோணி மரத்தில் கட்டுவதுதான். காற்று மிஞ்சிப்போய், இறக்க வேண்டிய பாய் இறங்காமல் நின்றால், ஒரு ஆள் அதன்மேல் தாவித் தன் கனத்தையெல்லாம் போட்டு இழுத்துக்கொண்டு தொங்குவான். அதைத்தான் நாங்கள் 'பாயில் கிடக்கிறான்' என்போம். அப்படிக் கிடப்பதற்கு நெஞ்சில் உரம் வேண்டும். எல்லாரும் கிடந்துவிட மாட்டார்கள்.

என் மாப்பிள்ளை வாவு முகம்மதின் 'ரஹ்மத்' தோணிக்குத் தண்டையல். தோணியை நடத்துகிற பொறுப்பெல்லாம் தண்டையலுக்குத்தான். எங்கள் கரையிலிருந்து பாம்பனுக்குச் சரக்கும் ஆளும் ஏற்றிப் போவார். அந்தத் தோணியில் மரத்து உச்சியில் இருந்த கப்பி தேய்ந்துபோயிருந்தது. பாயை ஏற்றுகிற கயிறு அந்தக் கப்பி வழியாகத்தான் ஓடும். கப்பி தேய்ந்தால் கயிறு சக்கரத்தை விட்டு நழுவி, பக்கத்துக் கட்டையின் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். அப்புறம் கீழே நின்று எத்தனை பேர் இழுத்தாலும் பாய் இறங்காது. இவர் வீட்டில் சோறு தின்கிற நேரத்தில்கூட அந்தக் கப்பியைப் பற்றித்தான் பேசுவார். முதலாளியிடம் மூன்று தடவை கேட்டார். "பெருநாள் கழியட்டும் பாக்கலாம்" என்று முதலாளி சொன்னார்.

பெருநாள் கழிவதற்குள் கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போன நாளில், மேற்கே கறுத்து, கச்சான் காற்று ஒரே அடியாக அடித்தது. இவர் சுக்கானைத் தோணியில் கூட வேலை பார்த்த கில்பர்ட் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தார். பாய் இறங்கவில்லை. தாவிப் பாயைப் பிடித்தார். தோணி சாய்ந்தது. அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. தப்பியவர்கள் கில்பர்ட்டும் இரண்டு பிரயாணிகளும். பிரயாணிகள் கீற்றுக் கூரைக்குள் ஓதிக்கொண்டு இருந்தவர்கள், ஒன்றையும் பார்க்கவில்லை. தோணி ஆழத்தில் போய்விட்டது. கப்பியும் அதோடு போய்விட்டது.

விசாரணை ராமநாதபுரத்தில் கலெக்டர் கச்சேரியில் நடந்தது. நான் இத்தாவில் இருந்தேன். மாப்பிள்ளை மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண் வெளியே வரக் கூடாது, அந்நிய ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது. அவர் உயிரோடு இருந்தபோது அவருக்காகப் பேசத் தேவை வரவில்லை. பேசத் தேவை வந்தபோது நான் ஓர் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அங்கே அதிகாரி கில்பர்ட்டைக் கேட்டிருக்கிறார்: "காற்று அடிச்சப்போ தண்டையல் எங்கே இருந்தார்?"

"பாயில கெடந்தாருங்க."

"நீங்க கூப்பிடலையா?"

"தொண்ட கிழியக் கத்துனேங்க, பாய விட்டுட்டு வாங்க தண்டேலுன்னு. வரலையே! தோணி கவுறுற வரைக்கும் பாயிலதாங்க கெடந்தாரு."

கில்பர்ட் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். அவனை வெளியே போகச் சொன்ன பிறகு அதிகாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. நல்ல மனுஷர், சந்தேகம் வந்தது. ஆனால் யாரிடம் கேட்பது? பக்கத்தில் நாற்காலி போட்டு முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரிடமே கேட்டார். பாய் என்றால் எந்தப் பாய் என்று.

வாவு முகம்மது பிறந்ததே கடற்கரையில்தான். அவருடைய வாப்பாவும் பாட்டனும் பாயில் கிடந்த பரம்பரை. அந்த மனுஷர் சொன்னாராம்: "படுக்கிற பாய்தானுங்க. தோணிக்காரங்க பின்பக்கமாப் பாய விரிச்சு அசருவாங்க. நானும் எத்தனையோ தடவை கண்டிச்சுட்டேன், கேக்குறதில்ல."

கப்பியைப் பற்றி விசாரிக்க வேண்டிய அவசியம் அதோடு முடிந்துபோனது. தண்டையல் தூங்கினார், தோணி கவிழ்ந்தது, முதலாளிமேல் குற்றம் இல்லை. கச்சேரியில் ஏவல் வேலை பார்க்கிற டவாலி இதைச் சாயாக் கடையில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்ததில்தான் கில்பர்ட்டுக்கு விஷயம் தெரிந்தது. திரும்பி ஓடினான். காகிதக் கட்டு மதராசுக்குப் போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அவன் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுதது எனக்குக் கேட்டது.

"தங்கச்சி, மாதா சத்தியமா நான் நம்ம பாயத்தான் சொன்னேன். அவுக வேற பாயாக்கிப்புட்டாக."

இத்தா முடிந்த அன்றே துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் வெளியே வரவில்லை. அவர் மனைவி நஸீரா வந்து ஓர் அரிசி மூட்டையைக் காட்டினாள். எனக்கு அரிசி வேண்டாம், ஒரு சொல் வேண்டும் என்றேன். "கச்சேரியில போயி, அது கட்டுற பாய்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "மவுத்தாப் போனவனுக்கு இனி என்ன மானம் கெட்டுப் போச்சு? உசுரோட இருக்குறவுக பொழைக்க வேணாமா?"

அந்த வாசலிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வாயால்தான் அந்தச் சொல் வெளியே வர வேண்டும். கெஞ்சி அல்ல. வேறு வழியில்லாமல் வர வேண்டும். அதைப் பார்க்காமல் நான் கண்ணை மூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். ஐந்து வேளையும் தொழுகிறவள் கேட்க வேண்டிய துஆ அல்லதான். ஆனாலும் நான் வேறு ஒன்றையும் கேட்கவில்லை.

அந்த ஆறு வருஷம் எப்படிப் போனது என்று விஸ்தரித்தால் எனக்கே பிடிக்காது. பனை ஓலை வாங்கிப் பாய் முடைந்து விற்றேன். ஊருக்கு அது கொண்டாட்டமாகப் போனது. "தூங்குன தண்டையல் பொண்டாட்டி பாய் விக்கிறா, வாங்கிப் படுத்தா நல்லா ஒறக்கம் வரும்" என்று சந்தையில் ஒருத்தன் சொன்னான். எட்டு வயசு ஆன என் மகள் காலிதா ஓதப் போனால், மற்றப் பிள்ளைகள் பலகையில் தலையைச் சாய்த்துக் குறட்டை விடுவார்களாம். ஒருநாள் அவள் ஒரு பிள்ளையின் காதைக் கடித்துவிட்டு வந்தாள். நான் அவளை அடிக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

வருஷா வருஷம் கடலில் மவுத்தானவர்களுக்குப் பள்ளிவாசலில் பாத்திஹா ஓதுவார்கள். பதினோரு பேரின் பெயரையும் வாசிப்பார்கள். அவர்களோடு போன என் மாப்பிள்ளையின் பெயரை வாசிக்க மாட்டார்கள். கொன்றவன் பெயரைச் செத்தவர்கள் பெயரோடு சேர்க்கிறதா என்று அந்தக் குடும்பத்தார் கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், சர்க்கார் எழுதியதை நம்பினார்கள்.

தண்டையல்கள் மட்டும் நம்பவில்லை. கடலில் போகிறவனுக்கு அகமது கபீர் தூங்குவாரா என்று தெரியும். இராமேஸ்வரத்திலிருந்து உப்பூர் வரை ஒரு தண்டையலும் வாவு முகம்மதின் தோணியில் கால் வைக்கவில்லை. ஒருத்தருக்கு மேல்வலி, இன்னொருத்தருக்கு மகளுக்குப் பேறுகாலம். முகத்துக்கு நேரே சொல்லாமல் நழுவிக்கொண்டார்கள். கடைசியில் அவருடைய ஒரே மகன் சதக்தான் 'பரக்கத்' தோணிக்குத் தண்டையலாக ஏறினான். நல்ல பிள்ளை. தெருவில் பார்த்தால் "மாமி, சொகமா?" என்று கேட்பான். நான் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விடுவேன். அவன் நல்ல பிள்ளையாக இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் முற்பகல். கரையில் ஓலை காயப் போட்டுக்கொண்டு இருந்தேன். பரக்கத் கரை பிடிக்க வந்துகொண்டிருந்தது. திடீரென்று காற்று திரும்பியது. பாய் விம்மியது. யாரோ கயிற்றை அவிழ்ப்பது தெரிந்தது. பாய் அசையவில்லை. கீழே நின்றவன் அண்ணாந்து உச்சியைப் பார்த்தான், ஒரு கணம்தான், அப்புறம் தாவிப் பாயைப் பிடித்துத் தொங்கினான். வெள்ளைச் சட்டை. சதக்.

என் மாப்பிள்ளை எப்படிப் போனார் என்று ஆறு வருஷமாக மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. தோணி சாய்ந்து கவிழ்ந்தது. அந்தக் கஞ்ச மனுஷர் இந்தத் தோணிக்கும் கப்பி மாற்றவில்லை, சொந்த மகன் ஏறுகிற தோணிக்குக்கூட மாற்றவில்லை! நான் கத்தின கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து வத்தை என்கிற சின்னப் படகைத் தள்ளினார்கள். சதக் கை முறிந்து பிழைத்தான். அவன் கூட இருந்த கடலாளி ஹாஜா முகைதீனும், உச்சிப்புளியிலிருந்து வந்த ஒரு பெண்ணும் போய்விட்டார்கள். சதக் சாகக் கூடாது என்று நான் அல்லாஹ்விடம் கேட்டது பாசத்தால் அல்ல. அவன் செத்துப்போனால் அவனுடைய வாப்பா வெறுமனே அழுதுவிட்டு முடித்துக்கொள்வார். எனக்கு அது போதாது.

செத்தவர்களின் வீட்டார் வேறு விதமாகப் பேசினார்கள். முந்தின ராத்திரி தர்காவில் கந்தூரி விழாவுக்குப் போய்க் கண் விழித்த பையன், தோணியில் தூங்கியிருப்பான் என்றார்கள். வாவு முகம்மதின் தோணி என்றாலே தண்டையல் தூங்குவான் என்று ஊர் பழகிப்போயிருந்தது. பழக்கியது அவர்தானே. போலீஸ் வந்தது, விசாரணை என்று அறிவித்தார்கள். பரக்கத்தில் கூரைக்குள் இருந்து பிழைத்தவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை. கரையில் நின்று முழுசாகப் பார்த்தவள் நான் ஒருத்தி.

மறுநாளே முதலாளி என் வாசலுக்கு வந்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவை. தலையில் தொப்பி கோணலாக இருந்தது.

"சபியா, நீதான் பாத்திருக்க. எம் மவன் தூங்கலைன்னு நீ சொல்லணும்."

"வாங்க முதலாளி. உக்காருங்க. பாய் விரிக்கட்டுமா?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியையே பார்த்தார். அதைப் பார்க்க எனக்குத் தேனாக இருந்தது.

"பழச மனசுல வச்சுக்கிறாத" என்றார். "அவன் சின்னப் பய. ஜெயிலுக்குப் போனா வாழ்க்க போச்சு. நீ பாத்தத மட்டும் சொல்லு. பொய் சொல்லச் சொல்லல."

"பாத்ததத்தான் சொல்லுவேன். ஒரு சொல்லு கூட்ட மாட்டேன், ஒரு சொல்லு கொறைக்க மாட்டேன். போயிட்டு வாங்க."

அவர் நிம்மதியாகப் போனார். பொம்பளை என்ன பேசிவிடப் போகிறாள் என்ற நிம்மதி.

இந்தத் தடவை விசாரணை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. பொம்பளை சாட்சி சொல்ல எழுந்து நிற்பதா என்று ஜமாஅத்தில் முணுமுணுத்தார்கள். முதலாளியே அவர்களைச் சமாதானம் செய்தார், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வந்த அதிகாரி அதே ராமசுப்பிரமணியன். முடி நரைத்துப் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். இந்தத் தடவை தோணி கரையோரமே கிடந்ததால், மரத்து உச்சியிலிருந்து கப்பியை அப்படியே கழற்றி வரச் சொல்லியிருந்தார். கயிறு இடுக்கில் மாட்டியது மாட்டியபடி மேஜைமேல் இருந்தது. முதலாளி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. சதக் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு மூலையில் பெஞ்சில் இருந்தான். கப்பியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, காற்று என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பின்னால் அவனே சொன்னான்.

என்னைக் கூப்பிட்டார்கள். துப்பட்டிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிய நின்றேன்.

"பயப்படாம சொல்லும்மா. காற்று அடிச்சப்போ தண்டையல் எங்கே இருந்தார்?"

"பாயில கெடந்தாரு."

 சன்னலுக்கு வெளியே நின்ற கில்பர்ட் "யேசுவே" என்றது எனக்குக் கேட்டது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தூங்கிக்கிட்டு இருந்தாரா?"

"எனக்குத் தெரிஞ்சது பாயில கெடந்ததுதாங்க. பாய்னா எந்தப் பாய்னு முதலாளிகிட்டக் கேளுங்க. போன தடவை நீங்க அவுககிட்டத்தான் கேட்டீக, அவுகதான் அர்த்தம் சொன்னாக. அன்னைக்கி எம் மாப்பிள்ளைக்கி எந்தப் பாயோ, இன்னைக்கி அவுக மவனுக்கும் அந்தப் பாய்தான்."

அதிகாரிக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆனது. வந்ததும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தப்பு செய்தோமோ என்று ஓர் அதிகாரி முகத்தில் தெரிவது அபூர்வம். அவர் மெல்லத் திரும்பினார்.

"வாவு முகம்மது, சொல்லுங்க. எந்தப் பாய்?"

முதலாளி சட்டென்று எழுந்தார். "அது வந்து எசமான், இங்கன பாய்னா..." என்று ஆரம்பித்தார். அப்புறம் அவர் கண் மேஜைமேல் போனது. கப்பிமேல் போனது.

"கட்டுற பாய்னா," என்றார் அதிகாரி, "பாய் ஏன் இறங்கலைன்னு அடுத்தது கேட்பேன். ரெண்டு தடவையும் ஏன் இறங்கலைன்னு கேட்பேன். படுக்கிற பாய்னா, பையன் தூங்கியிருக்கான், அவனைத்தான் கேட்கணும். நீங்களே சொல்லுங்க."

இதுதான் நான் ஆறு வருஷம் காத்திருந்த இடம்.  ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் தன் தலை. நான் நிச்சயமாக இருந்தேன். எந்த வாப்பாவும் மகனைத்தானே காப்பாற்றுவார்? எந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தாரோ அந்தச் சொல்லைச் சொல்லுவார், என் மாப்பிள்ளை அந்த நிமிஷமே எழுந்து நிற்பார் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

வாவு முகம்மது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "படுக்கிற பாய்தானுங்க."

 நான் பழிவாங்க வந்தவள். இப்படி ஒரு மனுஷனை நான் கணக்கில் வைத்திருக்கவில்லை. ஊரான் பிள்ளையை விற்றவர் தன் பிள்ளையையும் விற்பார் என்று எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. எல்லாம் கெட்டது, என் மாப்பிள்ளை இரண்டாம் தடவையும் தூங்கிப்போனார் என்று நினைத்தேன்.

அப்போது சதக் எழுந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

"எசமான், நான் தூங்கல" என்றான்.  "எங்க ஊர்ல பாயில கெடந்தான்னா கட்டுற பாயில தொங்குனான்னு அர்த்தம். அது எங்க வாப்பாவுக்கும் தெரியும், இங்கன நிக்கிற பச்சப் புள்ளைக்கும் தெரியும். கயிறு கப்பியில மாட்டிக்கிருச்சு. கப்பி தேஞ்சது. மாத்தச் சொல்லி நானும் சொன்னேன். அப்பவும் கபீர் மாமா சொன்னாகளாம். அவுகளும் தூங்கல. எங்க வாப்பா பொய் சொல்றாக. அன்னைக்கிம் பொய், இன்னைக்கிம் பொய்."

"சதக்!" என்றார் முதலாளி. ஒரே ஒரு தடவை.

அவன் அவரைப் பார்க்கவே இல்லை. "எழுதிக்கிருங்க எசமான்" என்றான். சன்னலுக்கு வெளியே நின்ற தண்டையல்கள், வருஷக்கணக்காக மேல்வலி சொல்லி நழுவியவர்கள், ஒவ்வொருத்தராக உள்ளே வந்தார்கள். கேட்காமலே, ஆமாம் அந்தப் பாய்தான் என்றார்கள். கில்பர்ட் மேஜையில் கையால் அடித்து, மரத்தில் எப்படித் தொங்குவது என்று கதவைப் பிடித்துத் தொங்கியே காட்டினான். கதவு கழன்று வந்துவிடும் என்று டவாலி அவனைப் பிடித்து இழுத்தான். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

அதிகாரி என் பக்கம் வந்து நின்றார். "அம்மா, போன தடவை நான் உங்ககிட்டக் கேட்டிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன். பரவாயில்லை என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார்போல. நான் சொல்லவில்லை.

புது அறிக்கையில் இரண்டு விபத்தையும் சேர்த்து எழுதினார். தண்டையல் அகமது கபீர் கடைசி வரை பாயை விடாமல் நின்றார் என்று தமிழிலேயே ஒரு பிரதி எடுத்து அனுப்பினார். அந்த வருஷம் பாத்திஹாவில் அந்தப் பதினோரு பெயரோடு என் மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். காலிதா அந்தச் சத்தத்தைக் கேட்க வாசலிலேயே நின்றாள். வாவு முகம்மது மீது வழக்குப் போட்டு, தோணி விட அனுமதியைப் பறித்து, கொஞ்ச காலம் உள்ளேயும் வைத்தார்கள். வெளியே வந்தபோது வீட்டில் மகன் இல்லை. சதக் தூத்துக்குடிப் பக்கம் வேறு முதலாளியிடம் வேலைக்குப் போய்விட்டான். நஸீரா போய்க் கூப்பிட்டும் அவன் வரவில்லை. ஊர் என்னைப் பாவம் பார்க்கச் சொன்னது. பாவம் எனக்கு வரவில்லை. அந்த வீட்டு வழியாகப் போகும்போது மூடிக்கிடந்த கதவைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொன்னார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்க வேண்டும். அடுத்தவருக்குச் செய்த அநியாயத்தை அந்த அடுத்தவர் பொறுத்தால்தான் உண்டு, அல்லாஹ்கூட அதில் குறுக்கே வரமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை. அவர் ஊர் முழுக்கப் போய்விட்டு, என் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். தெருப் பெண்கள் கதவிடுக்கில் நின்றார்கள்.

"சபியா, ஹஜ்ஜுக்குப் போறேன். தெரிஞ்சு செஞ்சது, தெரியாமச் செஞ்சது, எல்லாத்தையும் பொறுத்துக்கிறணும்."

எல்லா வீட்டிலும் சொல்லிப் பழகிய வாக்கியம், வழவழவென்று வந்தது.

"தெரிஞ்சு செஞ்சது எது, தெரியாமச் செஞ்சது எது? பிரிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் இல்லை. பொறுத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லி, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து அனுப்புவார்கள்.

"எதுக்கும்மா அதெல்லாம்" என்றார் கூட வந்த ஒரு பெரிய மனுஷர்.

"அவுக சொல்லட்டும்."

 வெயில் தலைமேல் இருந்தது. உள்ளே வரச் சொல்லவில்லை நான்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றார் கடைசியில். "கட்டுற பாய்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

தெருவில் எல்லாருக்கும் கேட்டது. அவருடைய வாயிலிருந்தே வந்தது. அதைக் கேட்க எட்டு வருஷம் ஆகியிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

"பொறுத்துக்கிட்டியா, சபியா?"

"இல்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை. சொல்லிவிட்டேனே என்பதுபோலப் பார்த்தார்.

"எனக்குச் செஞ்சத நான் பொறுத்துக்கலாம். ஆனா அவருக்குல்ல செஞ்சீக. அவருகிட்டக் கேளுங்க. கடல்லதான் கெடக்காரு, கப்பல்ல போறப்ப வழியிலதான் இருக்கும்."

கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் பம்பாய் போய்க் கப்பல் ஏறினார், ஹஜ் முடித்தார், ஊருக்குத் திரும்பினார். இப்போது சின்னப் பிள்ளைகள் முதல் பள்ளிவாசல் லெப்பை வரை எல்லாரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் வாவு முகம்மது என்கிறேன்.